பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிற பட்டதாரி ஆசிரியர் நான். பாடநூலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புத்தகம் நன்றாகவே இருக்கிறது. ஏழு அலகுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். சத்யஜித் ராய் இருக்கிறார், ஜேம்ஸ் தர்பர் இருக்கிறார், ஜூல் வெர்ன் இருக்கிறார். தேர்ந்தெடுத்தவர்கள் ரசனை உள்ளவர்கள் என்பது தெரிகிறது.

என் வழக்கு வினாத்தாளோடுதான். நூறு மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட பாதி இந்தக் கதை, கவிதைகளிலிருந்து வருகிறது. அந்தப் பாதியில் பெரும்பகுதியை வாங்க ஒரு கதையைக்கூட முழுதாகப் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் சிக்கல்.

துணைப்பாடத்துக்கான எட்டு மார்க் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். குறிப்புகளைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்கிறீர்கள். ஹாலந்துச் சிறுவன் கதை வந்தால், பீட்டர், கடலைத் தடுக்கும் கரை, சின்ன ஓட்டை, விரல், இரவு முழுக்கக் குளிர், காலையில் மீட்பு என்று கதை முழுவதும் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. இடையிடையே ஒரு 'ஹி', ஒரு 'வாஸ்' போட்டுக் கோர்த்தால் விடை தயார். கதையை ஒருநாளும் திறந்து பார்க்காத பையன் இதில் ஐந்தோ ஆறோ வாங்கிவிடுவான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதே நாங்கள்தான்.

கவிதைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. 'காமன் பாராகிராஃப்' என்று ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கவிதையின் பெயருக்கும் கவிஞரின் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். மற்றபடி, இது அருமையான கவிதை, எளிய சொற்களில் எழுதப்பட்டது, வாழ்க்கைக்கு நல்ல கருத்தைச் சொல்கிறது, நாமும் பின்பற்ற வேண்டும். கிப்ளிங்கின் இயந்திரங்கள் பேசினாலும் இதே பத்திதான். சோம்பேறிச் சில்வண்டு எறும்பிடம் போய்க் கையேந்தி நின்றாலும் இதே பத்திதான். தன்னிடம் பொய் சொல்லாதீர்கள், தன்னால் அன்பு காட்டவும் இரங்கவும் மன்னிக்கவும் முடியாது என்று கிப்ளிங்கின் இயந்திரம் எச்சரிக்கிற கவிதையில் பின்பற்ற என்ன இருக்கிறது என்று எந்த விடைத்தாளும் கேட்பதில்லை. திருத்தும் முகாமில் ஒருநாளைக்கு ஒரு கட்டு திருத்த வேண்டிய ஆசிரியர் வரிகளை எண்ணி மூன்று மார்க் போட்டுவிட்டு நகர்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மார்க். எனக்கு மனப்பாடத்தின் மேல் கோபம் கிடையாது. குறளையும் பாரதியையும் அப்படித்தானே நாம் மனதில் ஏற்றிக்கொண்டோம்! ஆனால் அவற்றை வாய்விட்டுச் சொன்னோம். இங்கே பிள்ளைகள் இம்போசிஷன் எழுதி, எழுத்துப்பிழை இல்லாமல் இறக்கி வைக்கிறார்கள். ஓசை யார் காதிலும் விழுவதில்லை.

இப்போது 'தி லாஸ்ட் லெசன்' கதைக்கு வருகிறேன். ஆறாம் அலகு. அல்ஃபோன்ஸ் தோதே 1873-ல் வெளியிட்ட கதை. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் கைக்குப் போகின்றன. இனிமேல் பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. ஹாமெல் வாத்தியார் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கடைசி பிரெஞ்சுப் பாடம் எடுக்கிறார். பின்பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1938-லும் 1965-லும் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாநிலத்தில், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பேசுவதற்கு இதைவிட என்ன கதை வேண்டும்?

வகுப்பில் இதை நடத்தி முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். "சார், இந்த ஹாமெல் சார் மட்டும் ஒழுங்கா? மீன் பிடிக்கப் போகணும்னா லீவு விட்டிருக்காரு. பசங்கள விட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்காரு. இப்ப கடைசி நாள்ல வந்து ஃபீல் பண்றாரே?" வகுப்பே சிரித்தது. உடனே ஒரு பெண் மறுத்தாள்: "அவரே ஒத்துக்கிட்டாருல்ல, அதனாலதான் சார் எனக்கு அவரப் பிடிக்குது." இருவருமே கதையைப் படித்திருக்கிறார்கள், கதைக்குள்ளிருந்தே ஆதாரம் எடுத்துச் சண்டை போடுகிறார்கள். இலக்கியம் கற்பிப்பது என்று நான் நினைப்பது இதைத்தான். அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் வகையைச் சேர்ந்த வட்டார மொழி என்று நான் சொன்னதும் சண்டை இன்னும் சூடானது. மணி அடித்தும் நிற்கவில்லை.

இந்தப் பேச்சுக்குத் தேர்வில் எத்தனை மார்க்? ஒன்றுமில்லை. அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தது, ஹாமெல் ஏன் அந்த உடுப்பைப் போட்டார், இதெல்லாம் தெரிந்தால் போதும். பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகள், அவற்றுக்குக் கைடில் இருக்கும் பதில்கள். இது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜனவரி வந்ததும் நானும் விவாதத்தை ஓரங்கட்டிவிட்டு தேர்ச்சிக்கு மட்டும் போதுமான குறிப்புகள் அடங்கிய மினிமம் மெட்டீரியலைக் கையில் எடுத்துவிடுகிறேன். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தானே.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் மனப்பாடத்தை விட்டு நகர வேண்டும் என்றுதான் பேசுகிறது. நல்லது. அதற்குப் புதுப் புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வினாத்தாளில் ஓரிடத்தில் கை வைத்தாலே போதும்.

46-ஆவது கேள்வியில், அதாவது மேலே சொன்ன அந்த எட்டு மார்க் துணைப்பாடக் கேள்வியில், இரண்டு கதைகளின் குறிப்புகளைக் கொடுத்து ஒன்றை எழுதச் சொல்கிறீர்கள். அதில் ஒன்று அப்படியே இருக்கட்டும். முப்பத்தைந்தைத் தொடவே திணறும் பிள்ளைக்கு அது பிடிமானம். அதைப் பிடுங்கக் கூடாது. 'அல்லது' என்று போட்டு, இன்னொன்றின் இடத்தில் பாடக் கதை ஒன்றிலிருந்து ஆறேழு வரிகளை அச்சிட்டு அபிப்பிராயம் கேளுங்கள். 'ஹாமெல் நல்ல ஆசிரியரா? கதையிலிருந்து காரணம் காட்டு.' முதல் அலகில், பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் அம்மா மீனை மூக்கில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நிற்கிறாளே, 'அவள் செய்தது சரியா?' இப்படி. இதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில் பலிக்காது. பலித்தாலும், அதற்காகவாவது கதையைப் படித்திருப்பார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் எப்படிச் சமமாகத் திருத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டு மார்க்கை இப்படிப் பிரிக்கலாம்: கதையிலிருந்து பொருத்தமான சம்பவத்தை எடுத்துக் காட்டினால் மூன்று, சொந்தக் காரணத்துக்கு மூன்று, மொழிக்கு இரண்டு. ஆம், இல்லை எதுவானாலும் மார்க் உண்டு என்று விடைக்குறிப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் எழுதினாலும் காரணம் புரிந்தால் மார்க்கை வெட்டக் கூடாது. திருத்துபவர்களுக்கு நான்கைந்து மாதிரி விடைகளை மார்க்கோடு கொடுத்தால், பெரிய வித்தியாசம் வராது.

உடனே பொதுத்தேர்வில் வைக்கத் தயக்கமாக இருந்தால், இரண்டு மூன்று மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வில் வைத்துப் பாருங்கள். மாதிரி வினாக்களை மட்டும் ஜூன் மாதமே எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள், கைடு போடுகிறவர்கள் எங்களை முந்துவதற்குள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்