முடி கொட்டுகிற நேரத்தில் முடி ஒட்டாதே

அன்புத் தோழிக்கு,

மகன் குப்புற விழத் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய், படித்ததும் அப்படியே பண்டாரவளைக்கு பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது. இங்கே ஹட்டனில் சிவனொளிபாத மலை சீசன் ஆரம்பித்துவிட்டது, பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. பார்லரில் தை மாதக் கல்யாணங்களுக்கு இப்போதே ஆட்கள் வந்து சொல்லிவைக்கிறார்கள். அம்மா சுகம், தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

சரி, உன் முடி விஷயம். தம்பி கல்யாணத்துக்கு ஹேர் எக்ஸ்டென்ஷன், அதாவது நீளத்துக்கு வெளிமுடி, வைக்கப்போகிறேன், மாதக்கணக்கில் நிற்கிற ஒட்டு வகைதான் வேண்டும் என்கிறாய். வேண்டாம்டி. எக்ஸ்டென்ஷனே கூடாது என்று சொல்லவில்லை, ஒட்டுகிறது மட்டும் இப்போது வேண்டாம்.

சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது என்று பயந்திருக்கிறாய். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஈஸ்ட்ரஜன் என்கிற ஹார்மோன் கூடுவதால் உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கும், பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கியதும் நின்றதெல்லாம் சேர்ந்து கொட்டும். இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆரம்பிக்கும், பெரும்பாலும் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் பழையபடி ஆகிவிடும். அதற்கு மேலும் கொட்டினால், அல்லது உடம்பு ஓயாமல் சோர்ந்து கிடந்தால், இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தம் சோதித்துப் பார்.

இந்த நேரத்தில் கெரட்டின் என்கிற பசையை வைத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசி. ஒவ்வொரு ஒட்டும் உன் தலையின் கொஞ்ச முடியில்தான் தொங்குகிறது. அதில் பாதி தானாக உதிர்ந்தாலும் கீழே விழாமல் ஒட்டுக்குள்ளேயே சிக்கிக்கிடக்கும், மிச்சமிருக்கிற இழைகள் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும், அதனால்தான் வேர் பக்கம் சடை பிடிப்பதும், கழற்றும்போது கையோடு வருவதும். நெடுநாள் இழுபட்ட இடத்தில் வேரே செத்துப்போனால் அப்புறம் முளைக்காது. அம்மாவின் முன்நெற்றியை நீ பார்த்திருக்கிறாய், கொழுந்துக்கூடைக் கயிறு வருஷக்கணக்கில் அழுத்திய அந்த இடத்தில் இன்றைக்கும் முடி இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது அதனால்தான்.

பசை டேப்பால் ஒட்டுகிற வகையும் உனக்குச் சரிவராது. ஒட்டிய இரண்டு நாளைக்குத் தலை நனையக்கூடாது, முடி வளர வளர ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி மேலே ஏற்றி ஒட்டவேண்டும். உன் அத்தை உச்சியில் தேங்காய் எண்ணெய் வைக்காமல் விடுவாரா? எண்ணெய் பட்டால் பசை இளகி வழுக்கிவிடும்.

உனக்குத் தேவை ஒரே ஒரு நாள். அதற்கு கிளிப் வகை போதும், காலையில் மாட்டி ராத்திரி படுக்குமுன் கழற்றிவிடலாம். பின்னல் போடுவதாக இருந்தால் நம் பாட்டிமார் வைத்த சவரி முடியைப்போல ஒன்றில்லை. பின்னலைத் தொடங்கி இரண்டு மூன்று சுற்று ஆனபிறகு சேர்த்துப் பின்னுவதால் பாரம் நாலு இழையில் தொங்காமல் திரண்ட முடி முழுவதிலும் பரவிவிடும். மேலே பூச்சரமும் சுற்றுவாய் அல்லவா, அந்தப் பாரத்தையும் கணக்கில் எடு.

வாங்கும்போது 'மனித முடி' என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதே. ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பார், முடி என்றால் கருகின வாசம் வந்து விரலில் பொடியாகும், நைலான் மாதிரி செயற்கை இழை உருகிக் கட்டியாகும். செயற்கையில் சாதாரணமாக அயர்ன் வைக்கமுடியாது, இளகிவிடும்.

மனித முடியிலும் தரம் உண்டு. 'ரெமி' என்பது வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் இருக்கும்படி எடுத்தது, ஒரே தலையிலிருந்து கட்டாக வெட்டினால்தான் அது சுலபம். திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அதில் நீளமானவை இந்த வியாபாரத்துக்குத்தான் போகின்றன. சீப்பிலும் தரையிலும் பொறுக்கிச் சேர்த்த முடியில் திசை மாறி மாறி இருக்கும், அந்த முடியின் மேல்புறச் செதிலை அமிலத்தில் கரைத்து சிலிக்கோன் பூசி மினுக்கி விற்கிறார்கள். கடையில் பட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், சில தடவை கழுவியதும் பூச்சுப் போய்ச் சிக்கு விழும்.

நிறத்தை உச்சி முடியோடு ஒப்பிடாதே, நுனியோடு ஒப்பிடு, அதுவும் கடை விளக்கில் அல்ல, வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில். நூறு கிராமுக்கு மேல் உன் தலைக்கு இப்போது வேண்டாம், நீளம் கூடக்கூட அதே எடையில் அடர்த்தி குறையும் என்பதால் இடுப்புவரை ஆசைப்படாதே. மாட்டும்போது வகிட்டிலிருந்து இரண்டு விரல் கீழே வை, நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வைக்கவே வேண்டாம், அங்கேதான் முடி மெல்லிசு.

வெயிலில் நின்று உச்சியும் நுனியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. என்ன சேலை, பின்னலா கொண்டையா என்றும் எழுது. கொண்டை என்றால் நீள முடியே தேவையில்லை, ஒரு பஞ்சு வளையம் போதும், கல்யாணத்துக்கு வரும்போது நானே எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி