போர்மாவுக்குள் பிள்ளைகளை விடுங்கள்: குமரி மாவட்ட பேக்கரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமாரே, மாஸ்டர்மாரே,

வணக்கம். கருங்கல் பக்கம் பிறந்து, பேஸ்ட்ரி தொழிலை வெளியூரில் கற்று, ஓட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள் நான். ஆரல்வாய்மொழி தொடங்கி களியக்காவிளை வரை எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பப்ஸும் வெட்டு கேக்கும் தேங்காய் பன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில், "அக்கா, இந்த வேலையை எங்கே படிக்கலாம்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சென்னையையும் கொச்சியையும் காட்ட வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நம் போர்மாவில், அதாவது பேக்கரியின் அடுப்புக்கூடத்தில், சேரும் பையன் முதலில் தட்டுக் கழுவுகிறான், மூட்டை சுமக்கிறான், முட்டை உடைக்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஓட்டல்களிலும் தொடக்கம் அப்படித்தான். ஆனால் நம்மிடம் அவன் அடுத்த படிக்கு ஏறுவதே இல்லை. மாவுக்கு அளவு போடும் நேரம் பார்த்து அவனைப் பால் வாங்க அனுப்பிவிடுகிறீர்கள். அளவு முழுவதும் மாஸ்டரின் தலைக்குள் இருக்கிறது. அவர் கல்யாண வீட்டுக்குப் போனால் அன்றைக்குக் கேக்கின் ருசியும் லீவில் போய்விடுகிறது.

பிளம் கேக்குக்குச் சர்க்கரை கருக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உருகி 170 டிகிரி அருகில் பொன்னிறம் ஆகும். பார்க்க அழகாக இருக்கும்; கேக்குக்கு உதவாது. அதையும் தாண்டிச் செம்பழுப்பாகி, ஓரத்தில் நுரை கட்டி, முதல் புகை மூக்கில் ஏறும் கணத்தில் கொதிநீரை ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் கேக் வெளுத்துப்போகும், பிந்தினால் கசந்துபோகும். நீர் விழுந்ததும் பாகு சீறி எழும். கையை இழுக்கத் தெரியாவிட்டால் மணிக்கட்டு வெந்துவிடும். இதைச் சொல்லி விளக்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். அந்த இடத்தில்தான் நம் மாஸ்டர்கள் பையனை "தள்ளி நில்லுடே" என்று விரட்டுகிறார்கள். புகையின் மணத்தை வைத்தே பதம் சொல்லும் மனிதர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த மூக்கும் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இந்தத் தொழிலுக்கு நம் ஊர் வானிலையே முதல் எதிரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மாவுக்கும் மாவுக்கும் நடுவே அதை மடித்து மடித்துப் படலமாக்கும் வேலைக்கு, வெண்ணெய் வளையவும் வேண்டும், உருகவும் கூடாது; 15 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. ஏப்ரல் மாதப் பகலில் தக்கலையில் இது நடக்குமா? மூன்று மடிப்பாக ஆறு முறை மடித்தால் 729 படலம் வர வேண்டும். இங்கே மூன்றாவது மடிப்பிலேயே வெண்ணெய் மாவுக்குள் கசிந்துவிடும். அடுப்பில் வைத்தால் எழும்பாமல் ரொட்டி போல் உட்கார்ந்துவிடும். நம் முன்னோர்கள் வனஸ்பதிக்கும் மார்ஜரினுக்கும் போனதற்கு விலை மட்டும் காரணமில்லை. அவை இந்த வெக்கையைத் தாங்கும். ஆனால் நாக்கின் சூட்டிலும் உருகாததால், பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டிக்கொள்ளும். மாற்று வழி இல்லாமல் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்குவது, ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் மாவைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது, முடிந்தால் ஒரு சின்ன அறைக்கு மட்டும் ஏசி. இதற்குப் பொறுமையும் கற்ற கைகளும் வேண்டும். அந்தக் கைகளைத்தான் நாம் உருவாக்குவதில்லை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் இது. ஈரக்காற்றில் சர்க்கரை அலங்காரம் கசியும், பிஸ்கட் நமுத்துப்போகும், சாக்லேட் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பார்த்துச் செய்யும் பிள்ளை இங்கே தோற்றுப்போய், தனக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. கைராசியாவது ஒன்றாவது! தெர்மாமீட்டரும் தராசும் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றினால் பளபளப்பும் முறியும் ஓசையும் தானாக வரும். அந்தத் துண்டு முதன்முறை 'டக்' என்று ஒடியும்போது கற்பவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சம்பளக் கவரைப் பிரிக்கும்போதுகூட அந்த முகம் வந்ததில்லை. (சம்பளம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

ஏன், எதற்கு என்று தெரிந்து செய்பவருக்கு நம் மண்ணே பெரிய சரக்குக்கிடங்கு. கருப்பட்டியைச் சர்க்கரைக்குப் பதிலாக அப்படியே தட்டிப் போட்டால் கேக் கெட்டுப்போகும். அதைக் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்ட வேண்டும். கரைக்க ஊற்றிய நீரைச் செய்முறையின் பால் கணக்கில் கழிக்க வேண்டும். அப்படிச் செய்த கேக் மறுநாளும் ஈரம் காயாமல் இருக்கும். மட்டி என்ற நம் வாழைப்பழத்துக்கும் நம் மாவட்டக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து என்ற இனிப்புப் பலகாரம் செய்யத் தெரிந்த ஊர் இது. இருந்தும் நம் கண்ணாடிப் பெட்டிகளில் பிளாக் ஃபாரஸ்ட் தவிர புதிதாக என்ன இருக்கிறது?

முந்திரிக்கொத்து என்றதும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். வீட்டில் பாகுபதம் பார்ப்பது அவர்கள். போர்மாவுக்குள் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. "ராத்திரி வேலை, சரிப்படாது" என்று ஒரு கடையில் என்னையே திருப்பி அனுப்பினார்கள். குலசேகரத்திலிருந்து ஒரு பெண் விடியற்காலை மூன்று மணிக்கு நாகர்கோவிலுக்கு வர முடியாதுதான். ஆனால் கேக் அலங்காரமும் கிரீமும் சாக்லேட்டும் பகலில் நடக்கும் வேலைகள். அவற்றையாவது திறந்துவிடலாமே.

உடம்பு படும் பாட்டையும் சொல்ல வேண்டும். கால் கடுக்க நின்று, அடுப்புச் சூட்டில் வெந்து, ஊரே கொண்டாடும் கிறிஸ்துமஸ் வாரத்தில் தூக்கமில்லாமல் உழைக்கும் தொழில் இது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறீர்கள், சரி. அதில் உட்காருவது நீங்கள்தான்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016 முதல் இருக்கிறது. பயிற்சிக்குச் சேருபவரின் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. நாலு பேர் வேலை பார்க்கும் சிறிய கடையும் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐடிஐ பாடப்பிரிவுகளில் பேக்கரித் தொழிலுக்கு ஓராண்டுப் படிப்பும் உண்டு. நீங்கள் ஒன்றுகூடிக் கேட்டால் நம் மாவட்டத்திலேயே அதை நடத்தச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடும், கற்றவன் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். போடத்தான் செய்வான். கற்றுத் தராவிட்டால் மட்டும் தங்குகிறானா? துபாய்க்கோ கப்பலுக்கோ போகிறான். நாம் வேறு மாநிலங்களிலிருந்து ஆள் தேடுகிறோம்.

கேக்குக்குப் பழம் ஊறப்போடும் அக்டோபரில் தொடங்குங்கள். கடைக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்து, அளவுகளை ஒரு நோட்டில் எழுதி, தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் சம்பளமில்லாமல் வந்து சொல்லித்தர நான் தயார். எந்தக் கடைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் பேஸ்ட்ரிக்காரி