நிடோ டப்பாவில் இருந்தது

மண்டபம்
18.5.2025

அன்புள்ள காசிம்,

நலம். இங்கே எல்லாரும் நலம். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து நான் தெருமுனையில் திரும்பும்போதே அடையாளம் கண்டு, திட்டுவதற்குத் தயாராக வாசலில் நிற்கிறார். ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். ஊரே ஓய்ந்திருக்கும் அந்த நாளில்தான் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் குவித்துவிடுகிறார்கள். ஏப்ரல் 6இல் பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். ரெக்ஸ் வேலை ஒன்றும் இல்லாமலே இரண்டு முறை ரயிலில் போய் வந்துவிட்டான். மீசை வைத்திருக்கிறான். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. நிதானமாக உட்கார்ந்து படி.

போன வாரம் உம்மா கூப்பிட்டார். கீழக்கரை வீட்டில் மாடி அறை ஒழுகி வயரிங் கெட்டுவிட்டது, பெருநாளுக்குள் பார்த்துக் கொடு என்றார். பரணில் இருந்த சாமான்களை இறக்கினேன். உன் வாப்பாவின் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு நிடோ டப்பா. மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளே வெள்ளைத் துணி, துணிக்குள் உன் கேம்பாய் கலர், நாம் சின்ன வயதில் ஆடிய அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவி. அதே ஊதா நிறம், நீ திண்ணையில் போட்டுக் கீறிய அதே கீறல். முதுகில் போக்கிமான் கோல்ட் விளையாட்டின் கார்ட்ரிட்ஜ் செருகியபடி.

நான் சந்தோஷப்பட்டது இருக்கட்டும், கவனித்ததைச் சொல்கிறேன். டப்பாவின் அடியில் செருப்புப் பெட்டிகளில் வருமே, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்கள், அவை ஏழெட்டு கிடந்தன. சில பழசு, மஞ்சளித்தவை. இரண்டு புதுசு. கேம்பாயின் பென்சில் செல் இரண்டையும் கழற்றித் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஒரு ரேடியோவைச் செல்லோடு விட்டால் இரண்டு வருடத்தில் செல் கசிந்து ஸ்பிரிங் எல்லாம் பச்சைக் களிம்பு ஏறிவிடும். நாம் வைத்திருந்தால் செல்லோடுதான் வைத்திருப்போம். ஆக, யாரோ விவரம் தெரிந்தவர்கள் வைத்திருக்கிறார்கள், பலமுறை திறந்தும் பார்த்திருக்கிறார்கள். நீ இல்லை. நானும் இல்லை.

ஆனால் அங்கேயே செல் போட்டு இயக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நாம் விளையாடியதெல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லுக்கு மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். அதற்காகவே உள்ளே ஒரு பட்டன் செல்லைப் பற்றவைத்திருக்கிறார்கள், சிஆர் 2025. கோல்டில் ஒரு கடிகாரமும் உண்டல்லவா, பகல் இரவு மாறுமே, அந்தக் கடிகாரமும் இதே செல்லைத்தான் உறிஞ்சும், கேம்பாய் அணைந்திருந்தாலும். அதனால்தான் கடிகாரம் இல்லாத ரெட், புளூ கார்ட்ரிட்ஜ்களைவிட கோல்ட், சில்வர் சீக்கிரம் சாகின்றன. வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது 2001. இருபத்து நான்கு வருடம். உலகத்தில் எத்தனையோ கோல்ட் கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்நேரம் உள்ளே ஒன்றும் இருக்காது. செல்லை மாற்றலாம் என்றால், பழையதைக் கழற்றிய நொடியே எல்லாம் போய்விடும். முதலில் நகல் எடுக்க வேண்டும், அப்புறம்தான் சால்டரிங் அயர்ன்.

கார்ட்ரிட்ஜைப் படிக்கும் கருவி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அது வரும்வரை நான்கு நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மனைவி, யார் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்று கேட்டாள். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கார்ட்ரிட்ஜின் மின்தொடர்புக் கால்களில் ஊதக் கூடாது. சின்ன வயதில் நாம் ஊதி ஊதி வாய் ஈரத்தைத்தான் ஏற்றினோம். அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்து வந்தது. கருவியில் செருகினேன். கோப்பு வந்தது, 32,768 பைட். மூன்று முறை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டேன், ஒரு பைட் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் கார்ட்ரிட்ஜின் மேலோட்டைப் பிரித்து மல்டிமீட்டர் வைத்தேன். புதுசில் 3 வோல்ட் இருக்க வேண்டிய செல், 2.4இல் நின்றது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

இந்தக் கடிதத்தைக் கணினியில் சேமித்தால் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும், காசிம். நம் ஒரு வருடம் முழுவதும் அவ்வளவில் இருக்கிறது.

புதுச் செல்லைப் பற்றவைத்து, நகலைத் திரும்ப ஏற்றி, இயக்கினேன். தொடர்க என்ற வரிக்குக் கீழே விவரம் வந்தது. உன் பெயர். பேட்ஜ் 5, அதாவது ஊருக்கு ஒரு தலைவரை வென்றால் கிடைக்குமே, அந்தப் பதக்கம். நேரம் 94 மணி 12 நிமிடம்.

ஐந்தா? நாம் விட்ட இடம் எக்ரூடீக் ஊரில் எரிந்துபோன கோபுரம். மூன்று பேட்ஜ். அரையாண்டுப் பரீட்சை வந்ததும் வாப்பா வாங்கிப் பூட்டிவிட்டார். நாம் ஆடிய மொத்த நேரத்தையும் எப்படிக் கூட்டினாலும் நாற்பது மணியைத் தாண்டாது. ஆறு மணி அடித்தால் உம்மா அலமாரியில் வைத்துச் சாவியைத் திருப்பிவிடுவார், நீ ஓதப் போய்விடுவாய், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு நாள்கூட அந்த விதி மாறியதில்லை.

விளையாட்டில் பிடித்த போக்கிமான்களை வைக்கும் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது பெட்டியில் ஒரு கேஸ்ட்லி, அந்தப் பேய். கேஸ்ட்லி இரவில் மட்டும்தான் கிடைக்கும், அதாவது அந்தக் கடிகாரப்படி மாலை ஆறிலிருந்து விடிகாலை நான்கு வரை. ஆறு மணிக்குப் பூட்டப்பட்ட விளையாட்டில் அதை யார் பிடித்தார்கள்? அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தது.

கருப்பி.

கருப்பி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது நம்மை விட்டுப் போன பெருநாள் அன்று சாப்பிடாமல் மாடியில் இருந்தது யார் என்றும் சொல்ல வேண்டியதில்லை. அலமாரிச் சாவி உம்மாவின் இடுப்பில் இருக்கும், உம்மா தூங்கினால் உன் அக்கா, நம் ராத்தாவின் தலையணைக்கடியில் இருக்கும்.

பென்சில் செல் ஞாபகம் இருக்கிறதா? புதுசு போட்டு மூன்றே நாளில் தீர்ந்துவிடும். நான் உன்னைச் சொன்னேன், நீ என்னைச் சொன்னாய். பதினொரு நாள் பேசாமல் இருந்தோம். ரெக்ஸ் நடுவில் தூது போனான், இரண்டு பக்கமும் கடலைமிட்டாய் வாங்கித் தின்றான். அந்தச் செல்லெல்லாம் ராத்தாதான் தீர்த்திருக்கிறார். அந்தக் கேம்பாயின் திரைக்கு வெளிச்சமும் கிடையாது. எல்லாரும் தூங்கிய பிறகு மாடிப்படி விளக்கடியில் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறார்.

இப்போது உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு. மூன்றாவது பேட்ஜுக்காக நாம் மோதிய விட்னியின் பசு, மில்டேங்க். ரோல் அவுட் என்று உருண்டு வந்தால் ஒவ்வொரு அடிக்கும் வலு இரட்டிக்கும், நம் குயிலாவா நெருப்பு வகை, பாறை அடியில் நொறுங்கிவிடும், தப்பித்தாலும் அது பெண் மில்டேங்க், ஆணான நம் குயிலாவாவை மயக்கிவிடும். மூன்று வாரம் தோற்றோம். ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தால் பேட்ஜ் இருந்தது. "நேற்று நீ போனபிறகு ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்" என்று நீ சொன்னாய். எப்படி என்று கேட்டதற்கு, அதெல்லாம் கை வாட்டம் என்றாய். ஏழாம் வகுப்பு முழுவதும் அந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காசிம், பெட்டியில் மஸில் என்ற மச்சாப் இருக்கிறது. கோல்டன்ராட் ஊர் அங்காடியின் ஐந்தாவது தளத்தில் ஓர் ஆள் ட்ரவுசியை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பான். அது பெண், மயங்காது. சண்டை வகை, பாறை அடி அதற்குப் பாதிதான் உறைக்கும். நீயும் நானும் அந்த மாடிக்கு ஏறியதே இல்லை. அந்தப் பேட்ஜை ராத்தா வாங்கினார். இருபத்து நான்கு வருடத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் ஒரு பயமும் கூடவே வருகிறது. இந்த விளையாட்டை இன்றும் எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். 2017இல் வேறொரு கருவிக்காக நிண்டெண்டோவே மறுபடி விற்றது, 2023இல் அந்தக் கடையையும் மூடியது. விளையாட்டு எங்கேயாவது இருந்துகொண்டுதான் இருக்கும். கருப்பி இருக்கும் விளையாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது 2.4 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று ரெக்ஸ் சொல்கிறான். அவனுடைய பிளேஸ்டேஷன் மெமரி கார்டு, பதினைந்து பிளாக், அதற்குச் செல்லே தேவையில்லை, இன்னும் படிக்க வரும். அதைத் தங்கச்சிமடம் வீட்டில் ஜன்னலோரம் ஆணிகளோடு போட்டு வைத்திருக்கிறான். நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தத் தடைக்காலத்தில் ஒரு பெரியவர் பழைய ஜிபிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினெட்டு வருடமாகக் கடலில் அவர் குறித்து வைத்த இடங்கள் அதில் இருந்தன. எந்தக் கடலடிப் பாரில் எந்த மாதம் எந்த மீன், எங்கே வலை கிழியும், எல்லாம். உள்ளே இருந்த செல் செத்துவிட்டது. பெட்டியைச் சரிசெய்து கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது. ஓர் இடம்கூட இல்லை. அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லை தம்பி, பாதி மனசில் இருக்கிறது" என்றார். மீதிப் பாதியை என்ன செய்வது? அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் உள்ளே இருப்பதை நகலெடுக்காமல் ஒரு திருகாணியைக்கூட நான் தொடுவதில்லை. அதற்குக் காசும் வாங்குவதில்லை.

விளையாட்டுக்கு வருகிறேன். கடைசியாகச் சேமித்த இடம் ஒலிவைன் ஊர்க் கலங்கரை விளக்கத்தின் உச்சி. அங்கே விளக்காக இருக்கும் ஆம்பரோஸ் நோயில் கிடக்கும். கடல் தாண்டி சியான்வுட் போய் மருந்து வாங்கி வர வேண்டும். ராத்தா கடலைத் தாண்டிப் போயிருக்கிறார், அங்கே ஐந்தாவது பேட்ஜை வென்றிருக்கிறார், மருந்தை வாங்கியிருக்கிறார், திரும்பி வந்து விளக்கின் மேல்வரை ஏறியிருக்கிறார். பையைத் திறந்து பார்த்தேன். மருந்து அப்படியே இருக்கிறது. கொடுக்கவில்லை. எதிரே நிற்கும் பெண்ணிடம் ஒருமுறை பேசினால் போதும், அதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார். ராத்தாவின் நிக்காஹ் எந்த மாதம் நிச்சயமானது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நான் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு போனேன். ராத்தா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கேம்பாயை எடுத்து நீட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். கையைக் கழுவினார், சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினார், முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கருப்பி இருக்கிறதா முத்து?"

இருக்கிறது என்றேன். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைச் சாய்த்துப் பிடித்தார். முதலில் கருப்பி இருக்கும் பெட்டியைத் திறக்க, விளையாட்டில் அந்த ஊரிலுள்ள மையத்துக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு அடி நகர்ந்து அந்தப் பெண்ணிடம் பேசினார். மருந்தைக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் படியிறங்கிக் கருப்பியைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் நான் அங்கே இருந்ததையே மறந்துவிட்டார். உம்மா உள்ளேயிருந்து மீன் என்னாயிற்று என்று கேட்ட பிறகு, சேமித்துவிட்டு என் கையில் கொடுத்தார். சாவி எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே, அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார்.

உன் மின்னஞ்சலுக்கு இரண்டு கோப்பு அனுப்பியிருக்கிறேன். ஒன்று 94 மணி 12 நிமிடம். மற்றொன்று 94 மணி 51 நிமிடம். இரண்டையும் ஷார்ஜாவில் இரண்டு இடத்தில் வை, ஒன்றை உன் அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காதே. ராத்தாவுக்கு நீயே போன் செய். விட்னியைப் பற்றி முதலில் பேசு.

பெருநாளுக்கு வரும்போது சிஆர் 2025, தகடு வைத்தது, பத்து வாங்கி வா. இங்கே கிடைப்பது சரியில்லை.

அன்புடன்,
முத்து