அறுபதைத் தாண்டியவர்களுக்கும் தடுப்பூசி அட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, குழந்தைகளைப் பற்றி விரிவாகவும் முதியோரைப் பற்றி ஒரே வரியிலும் பேசியிருந்தது. எங்கள் கோபிசெட்டிபாளையம் பகுதியிலும் இதே நிலைதான். பேரனின் தடுப்பூசி அட்டையில் ஒரு தேதி தவறினால் வீடே பதறுகிறது, அதே வீட்டுப் பெரியவருக்கு என்ன ஊசி போட்டிருக்கிறது என்று கேட்டால், "கம்பும் களியும் தின்னு வளந்த உடம்புங்க, அவருக்கெதுக்குங்க ஊசி?" என்கிறார்கள்.

இந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கு சென்று ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர் பனும், 1781-இல் அதே நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தொடவில்லை என்று பதிவு செய்தார். 65 ஆண்டுகள் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. ஆனால் பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் உடம்பு புதியதையும் அதே வேகத்தில் எதிர்க்கும் என்று சொல்வதற்கில்லை. நோயெதிர்ப்பு அணுக்களில் முக்கியமான ஒரு வகை முதிர்ச்சியடையும் தைமஸ் சுரப்பி, பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே போகிறது. ஆண்டுதோறும் உருமாறி வரும் இன்ஃபுளுவென்சா, முதியவர்களிடம் நிமோனியாவாக முற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல், சோறு வேண்டாம் என்பதும் பேச்சில் ஒரு குழப்பமும் மட்டுமே அறிகுறியாக இருப்பதுண்டு என்பதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது.

அக்கி இன்னொரு சான்று. சிறுவயதில் வந்து போன சின்னம்மைக் கிருமி நரம்பு வேரிலேயே தங்கியிருந்து, வயதாகி எதிர்ப்பு தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறது. நம் பக்கத்தில் இன்றும் குயவர் வீட்டுக்குச் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அக்கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் என்பதால், அக்கி எழுதுவதில் அந்த நேரம் கழிந்துவிடக் கூடாது. கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து.

எனினும் என்னை மிகவும் உறுத்துவது ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ். அந்நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு உண்டாவதில்லை. ஊசியால் மட்டுமே உண்டாகும், அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது என்பதால், இன்று அறுபதைத் தாண்டிய பலர் சிறுவயதில் ஓர் ஊசிகூடப் போட்டிராதவர்கள். பெண்களுக்காவது பிள்ளைப்பேற்றின்போது கிடைத்தது; ஆண்களுக்கு ஆணி குத்தினால்தான். கட்டுத்தரையில் சாணம் அள்ளும்போதும் மஞ்சள் வெட்டும்போதும் காலில் பட்ட காயத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசிவிட்டு மறுநாளே தோட்டத்துக்குப் போகிறவர்கள் இவர்கள். காயம் பட்ட அன்று போடும் ஒற்றை ஊசி, முன்பு முறையாகப் போட்டுக்கொண்டவருக்குப் போதலாம். ஒன்றுமே போடாதவருக்கு மூன்று தவணையும், பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசியும் தேவை.

குழந்தைகளுக்கு வயதறிந்துதான் அட்டவணை போட்டிருக்கிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு குறையும் கட்டம் பார்த்தே தட்டம்மை ஊசி 9 மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது. அந்தக் கணக்கை மறுமுனையிலும் போடுவதில் என்ன தடை?

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடி வருகிறார்கள். கடைசியாக ரணஜன்னி ஊசி போட்டது எப்போது என்று அவர்களே கேட்டு ஓர் அட்டையில் குறித்து, விடுபட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். சர்க்கரை நோயுள்ள முதியோருக்கு ஐப்பசி மழைக்கு முன்பே இன்ஃபுளுவென்சா ஊசியை அங்கு இலவசமாகப் போடவும் அரசு ஆவன செய்ய வேண்டும். ரணஜன்னித் தவணைகளையாவது, ஈரோடு மாவட்டத்தில் தை மாத மஞ்சள் வெட்டுக்கு முன்பே தொடங்கிவிடுமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.