அடி வாங்கிய தாதியிடமும் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் வன்னிச் செய்திகளில், இரவுக் கடமையில் இருந்த தாதி ஒருவர் தாக்கப்பட்ட செய்தி வந்திருந்தது. அதன் கடைசி வரி: "சிகிச்சை தாமதமானதால் ஆத்திரமடைந்த உறவினர்களே இவ்வாறு நடந்துகொண்டனர்." அதை வாசித்த நேரம் தொட்டு எனக்கு மனம் ஆறவில்லை. தாமதமானது என்று உங்கள் நிருபருக்குச் சொன்னது யார்? அடித்தவர்கள்தானே?

நான் வன்னியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நெல் அரிவு வெட்டுக் காலத்தில் பாம்புக்கடி எவ்வளவு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புடையன் கடித்தது என்று ஆளைக் கொண்டுவந்தால் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுவதில்லை. கொஞ்ச இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகும் உறையாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தாகும் என்பதால்தான் இத்தனை கவனம். வாசலில் நிற்கும் உறவினருக்கு இது தெரியாது. ஒரு குழாயை மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாதியைத்தான் அவர்கள் காண்கிறார்கள்.

அப்படி நின்ற ஓர் இரவில் நோயாளியின் மகன் என் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்தது. நான் மேசையில் போய் மோத, குழாய் விழுந்து உடைந்தது. திரும்ப இரத்தம் எடுத்து, திரும்ப 20 நிமிடம். தகப்பனுக்கு வீணாய்ப் போன நேரம் மகனின் அடியால் போனது. அந்த ஐயா பிழைத்துவிட்டார். பொலிஸில், "பெடியன் தகப்பனை நினைச்சுப் பதறிச் செய்திட்டான், விடுங்கோ மிஸ்ஸி" என்றார்கள். மேலதிகாரியும் அதையே சொன்னார். முறைப்பாடு அத்தோடு நின்றது.

2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மேல் ஷெல் விழுந்தபோது நோயாளரை ஏற்றிக்கொண்டு புதுமாத்தளன் பாடசாலைக்குப் போனோம். தரையில் படங்கு விரித்து வைத்தியம் நடந்தது. மருந்து தட்டுப்பாடு, கட்டுத்துணி தட்டுப்பாடு. பிள்ளையைக் கண்முன்னே பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களிலும் நானறிய ஒருவரும் எங்கள் மேல் கை நீட்டவில்லை. இப்போது கட்டடமும் கட்டிலும் இருக்கும் இடத்தில் அடிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் அதைப் போனில் எடுக்கிறார்.

நாங்கள் நோயாளரை மாற்றி அனுப்புகிற அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் 2025 மார்ச் 10 இரவு, கடமை முடிந்து தங்குமிடத்துக்குப் போன பெண் மருத்துவர் கத்திமுனையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 12ஆம் திகதி நாடு முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீங்கள் அன்றைக்கு நோயாளர் படும் அவதியைத்தான் பெரிதாகப் போட்டீர்கள். அவதி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியர் விடுதிக்குப் போகும் பாதையில் இன்றைக்கும் விளக்கு இல்லை. இரவு வேலை முடித்த பெண்பிள்ளைகள் இரண்டு பேராய்ச் சேர்ந்து, போன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள். வன்னிக்கு வரும் டொக்டர்கள் ஏன் நிற்பதில்லை, வந்த மறுமாதமே ஏன் இடமாற்றம் கேட்கிறார்கள் என்று ஆசிரியர் தலையங்கம் எழுதுகிறீர்கள். அந்தப் பாதையில் இரவு ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடமையில் இருக்கும் தாதி பத்திரிகைக்கு மறுப்பு எழுத முடியாது. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவைப்படி அனுமதி வேண்டும். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பதில் சொல்ல முடியாதவரைப் பற்றித்தான் அந்த வரி போனது.

இனி இப்படியான செய்தி வந்தால், அச்சுக்குப் போக முன் உங்கள் நிருபர் வைத்திய அத்தியட்சகருக்கு ஒரு போன் எடுத்து, அன்று நோயாளர் விடுதியில் நடந்தது என்ன என்று கேட்கட்டும். அவர் சொல்வதையும் அதே செய்தியில், அதே இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.