வண்டியை விட்டு நடக்காதே

அன்புள்ள சரவணா,

மணலில் வண்டி புதைந்துவிட்டது, சிக்னல் இல்லை, இரண்டு மணி நேரம் நடந்தே முகாமுக்கு வந்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு விமானத்தின் கதையைச் சொல்ல வேண்டும், போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அதன் பெயர் லேடி பி குட். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் ஓட்டிய பி-24 லிபரேட்டர், நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம். அந்த ரகத்தில் 18,000-க்கும் மேல் செய்தார்கள். கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை சீர்செய்து கொடுக்க, நம் விமானப்படையிலும் 1968 வரை பறந்தது. ஆனால் நான் சொல்லும் விமானம் போருக்குப் போனது ஒரே ஒரு முறை. 1943 ஏப்ரல் 4, லிபியாவில் பெங்காசிக்குப் பக்கத்தில் இருந்த சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பியது. உள்ளே ஒன்பது பேர், அவர்களுக்கும் அதுதான் முதல் தாக்குதல். இலக்கில் குண்டு போட முடியாமல் இருட்டில் தனியாகத் திரும்பியது.

நள்ளிரவில் விமானி ஹாட்டன் ரேடியோவில் கூப்பிட்டு, நாங்கள் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று கேட்டார். தரையில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். ரேடியோ என் தொழில், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். லூப் ஆன்டெனாவை, அதாவது வளையம் போன்ற ஆன்டெனாவை, வைத்துப் பார்த்தால் சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரியும், அந்தக் கோட்டில் முன்பக்கமா பின்பக்கமா என்று அது மட்டும் தனியாகச் சொல்லாது. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போயிருந்தது. கடலிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது என்று கீழேயும் நினைத்தார்கள், மேலேயும் நினைத்தார்கள். பெங்களூர் ஜாலஹள்ளியில் விமானப்படைப் பயிற்சியில் எங்களுக்கு இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார்கள். அன்று எனக்கு அது பரீட்சையில் வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு மணி நேரம் தெற்கே பறந்து, எரிபொருள் தீரும் நேரத்தில் எல்லோரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஒருவருக்கு பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்து, கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி வடக்கே நடந்தார்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குடுவைத் தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி. தேடி வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பாராசூட் துணியைக் கிழித்து, கல்லை வைத்து அம்புக்குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். சுமார் 80 மைலில் ஐந்து பேரால் அதற்குமேல் முடியவில்லை. மூன்று பேர் உதவி தேடி மேலும் போனார்கள், அதில் ரிப்ஸ்லிங்கர் என்பவர் 100 மைலுக்கும் மேல் நடந்திருக்கிறார். துணை விமானி டோனரின் டைரி ஏப்ரல் 12-ஆம் தேதியோடு நிற்கிறது. இன்னும் உதவி வரவில்லை, இரவில் கடும் குளிர் என்று எழுதியிருக்கிறார்.

1958-இல் எண்ணெய் தேடப் போனவர்கள், உன்னைப் போன்றவர்கள்தான், வானத்திலிருந்து அந்த விமானத்தைப் பார்த்தார்கள். ஆளே இல்லாமல் தானாகப் பறந்து போய், அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே 16 மைலில் வயிற்றால் மணலில் இறங்கி, பின்பக்கம் முறிந்து கிடந்தது. உள்ளே குடிதண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, வேலை செய்யும் ரேடியோ இருந்தது. 16 மைல்தான், சரவணா. அவர்கள் எதிர்ப்பக்கம் நடந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. (அதிலிருந்து கழற்றிய பாகங்களை மாட்டிய விமானங்களுக்கெல்லாம் விபத்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு, அதை நான் நம்பவில்லை.)

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமானம் எங்கே விழுந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உன் வண்டி உன் கண்ணெதிரே நிற்கிறது. தண்ணீர், நிழல், ஹாரன், விளக்கு எல்லாம் அதில்தான். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கும் முதலில் தெரியப்போவது வண்டிதான், நடந்து போகும் நீ இல்லை.

20 லிட்டர் கேன் இரண்டு எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். எந்தப் பாதையில் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று முகாமில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. சாட்டிலைட் போன் வேண்டும் என்று கம்பெனியில் கேள், கேட்கக் கூச்சப்படாதே.

வியாழக்கிழமை மறுபடியும் உள்ளே போகிறாய் என்றாயே. திரும்பி வந்ததும் ஒரு மெசேஜ் போடு. எத்தனை மணியானாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா