பைக்குக்கு ஏர் கேஜ் வாங்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்கால வண்டிப் பராமரிப்பு பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் பிரேக், செயின், பேட்டரி என்று எல்லாம் விவரமாக இருந்தது. டயர் காற்றுக்கு மட்டும் ஒரே வரி: 'பெட்ரோல் பங்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்'. அந்த வரியால்தான் இந்தக் கடிதம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். போன கார்த்திகையில் ஒருநாள் மனைவியும் உடன் வந்தார். தவளக்குப்பம் தாண்டி ஒரு லாரிக்கு ஒதுங்கியபோது வண்டியின் பின்பக்கம் மிதப்பதுபோல் ஆடியது. நல்லவேளை, விழவில்லை. அன்று சாயங்காலம் மெக்கானிக் டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் தன் கேஜை வைத்துப் பார்த்தார். 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு)தான் இருந்தது. முந்தின நாள்தான் வழியில் ஒரு பங்கில் 32 வைக்கச் சொல்லிப் பிடித்திருந்தேன். பஞ்சர் இல்லை, வால்விலும் கசிவு இல்லை. பங்கிலிருந்த கேஜ் காட்டியதுதான் தப்பு.

அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கினேன். முதலில் பேனா மாதிரி இருப்பது. விலை குறைவு, ஆனால் ஒரே டயரை மூன்று முறை வைத்தால் மூன்று அளவு காட்டியது. அடுத்து 160 வரை போகும் பெரிய டயல். அது லாரிக்குச் சரி. பைக்குக்குத் தேவை பெரும்பாலும் 25 முதல் 40 வரைதான். அந்த டயலில் 28-க்கும் 30-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. 60 வரை உள்ள டயல் என்றால் முள் நடுப்பகுதியில் நிற்கும், டயல் கேஜ் சரியாகக் காட்டுவதும் அங்கேதான்.

கடையில் யாரும் சொல்லாத இன்னொன்று, கேஜின் தலை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் நேரான தலை வால்வில் எளிதாக உட்காராது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்தில் இன்னும் கஷ்டம். வளைந்த தலையோ, குட்டி ரப்பர் குழாயோ இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கூடுதல் காற்றை இறக்கிவிட ஒரு பொத்தானும் இருந்தால் நல்லது. டிஜிட்டல் இருட்டில் படிக்க வசதி. ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் பேட்டரி முனை துருப்பிடிக்கும் என்பதால் நான் டயலோடு நின்றுவிட்டேன்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு அளப்பதுதான் சரியான அளவு. ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. வீட்டில் அளந்தபோது வேண்டிய அளவைவிட ஐந்து குறைகிறதா, பங்குக்குப் போனதும் நம் கேஜ் காட்டும் அளவோடு ஐந்து கூட்டிப் பிடித்தால் போதும்.

பங்கில் பெட்ரோல் அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். காற்றுக்கு அப்படிச் சரிபார்த்துக் காட்ட ஒன்றும் இல்லை. பங்குகளில் உள்ள கேஜ்களை மழைக்கு முன்பாவது சோதித்து, சோதித்த தேதியை ஒட்டிவைக்கலாமே? தங்கள் இதழ் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.